1949-ல் குடியுரிமை, 1956-ல் அமெரிக்க காங்கிரஸ் தேர்தல்: இந்த ஏழு வருடக் கணக்கு இடிக்கிறதே?

முனிர்கா_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அரசியல் அறிவியலில் ஒரு ப்ராஜெக்ட், வெளிநாட்டு நாடாளுமன்றத்துக்குப் போன இந்திய வம்சாவளிக்காரர் ஒருவரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுத வேண்டுமாம். வகுப்பில் பாதிப் பேர் ரிஷி சுனக், மீதிப் பேர் கமலா ஹாரிஸ் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கீழ் வீட்டு சர்தார்ஜி அங்கிளுக்கு அமிர்தசரஸ் பக்கம். அவர்தான் ‘தலீப் சிங் சௌந்தை எழுதச் சொல்லுங்கள், எங்கள் ஜில்லாக்காரர், அமெரிக்க காங்கிரஸுக்குள் போன முதல் ஆசியர்’ என்று சாயைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்துவிட்டார்.

நானும் உட்கார்ந்து படித்தேன். 1899-ல் சஜ்ஜல்வாடி என்ற கிராமத்தில் பிறப்பு, 1919-ல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம், 1920-ல் அமெரிக்கா, பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம். அப்புறம் கலிபோர்னியாவில் விவசாயம். 1956-ல் ஜனநாயகக் கட்சி சார்பில் காங்கிரஸின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபைக்கு நின்று, ஜாக்குலின் காக்ரனைத் தோற்கடிக்கிறார். ஒலியைவிட வேகமாக விமானம் ஓட்டிய முதல் பெண் அவர்தான். எதிரில் நின்றது சாதாரண ஆள் இல்லை.

எனக்கு இடிப்பது இங்கேதான். அமெரிக்க அரசியல் சட்டப்படி அந்தச் சபைக்குப் போக ஏழு வருடம் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். சௌந்துக்குக் குடியுரிமை கிடைத்தது 1949 டிசம்பர் 16. தேர்தல் 1956 நவம்பர் 6. விரல் விட்டு எண்ணினாலும் ஏழு வருடம் வரவில்லை, ஒரு மாதத்துக்கு மேல் குறைகிறது. அப்படியென்றால் எப்படி நிற்கவிட்டார்கள்? மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சர்தார்ஜி அங்கிளோ ‘அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்’ என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. குடியுரிமையே இல்லாதவர், அங்கே நிலமும் வாங்கக்கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில், இருபது வருடத்துக்கு மேல் எப்படி விவசாயம் பார்த்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும்.

பட்டியாலா_ஹவுஸ்_வக்கீல் எழுதியது:

நல்ல கேள்வி சார், பாப்பாவுக்கு ஒரு சபாஷ். இதே கேள்வியை 1956-லேயே கேட்டுக் கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். கேட்டது எதிர்க்கட்சிகூட இல்லை, ப்ரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்பில், அவரோடு மோதிய சொந்தக் கட்சிக்காரர். எடுபடவில்லை.

பதில் அரசியல் சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. முதல் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை எடுத்து மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று தகுதிகள் வரும்: 25 வயது, ஏழு வருடக் குடியுரிமை, எந்த மாநிலத்திலிருந்து தேர்வாகிறாரோ அந்த மாநிலத்தில் குடியிருப்பு. இந்த மூன்றில் ‘தேர்வாகும் சமயத்தில்’ என்ற நிபந்தனை கடைசியாகச் சொன்ன குடியிருப்புக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். வயதுக்கும் குடியுரிமைக்கும் அது கிடையாது, அந்த இரண்டும் நிறையாத ஒருவர் ‘உறுப்பினராக இருக்க முடியாது’ என்றுதான் வாசகம். ஓட்டு வாங்கியதும் ஒருவர் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை, சபையில் போய்ப் பதவியேற்றால்தான் உறுப்பினர். ஆகவே எண்ண வேண்டியது பதவியேற்பு நாள் வரைக்கும். 1956 டிசம்பர் 16-ல் ஏழு வருடம் முடிகிறது, புதிய சபை கூடியது 1957 ஜனவரி 3. பதினெட்டு நாள் மிச்சம் வைத்துக்கொண்டு உள்ளே போனார் மனிதர்.

இது சௌந்துக்கு மட்டும் காட்டிய சலுகை இல்லை. ஜோ பைடன் 1972 நவம்பர் 7-ல் மேல்சபையான செனட்டுக்கு ஜெயித்தபோது அவருக்கு வயது 29. செனட்டுக்கு முப்பது வேண்டும். நவம்பர் 20-ல் முப்பது முடிந்தது, ஜனவரியில் பதவியேற்றார். அதற்கும் முன்னால் மேற்கு வர்ஜீனியாவில் ரஷ் ஹோல்ட் என்று ஒருவர் 1934-ல் 29 வயதில் செனட்டுக்கு ஜெயித்துவிட்டு, முப்பது ஆகும்வரை ஐந்தாறு மாதம் வெளியே காத்திருந்து 1935 ஜூனில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நம் ஊரில் இந்த வேலை நடக்காது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-வது பிரிவுப்படி வேட்புமனு பரிசீலனை நாளன்றே தகுதி இருக்க வேண்டும். அடுத்த வாரம் 25 முடிகிறது, வாக்குப்பதிவுக்குள் ஆகிவிடும் என்று சொன்னாலும் தேர்தல் அதிகாரி மனுவைத் தள்ளிவிடுவார். பாப்பா இதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதினால் டீச்சர் முழு மதிப்பெண் போடாமல் எங்கே போகிறார்.

பழைய_ராஜிந்தர்_நகர் எழுதியது:

வக்கீல் அண்ணா சொன்னதோடு இன்னொரு தேர்தலையும் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால்தான் கதைக்கு ருசி.

சௌந்த் முதன்முதலில் ஜெயித்த தேர்தல் 1956 இல்லை, 1950. தெற்குக் கலிபோர்னியாவில் இம்பீரியல் வேலி என்ற பள்ளத்தாக்கில் வெஸ்ட்மோர்லாண்ட் என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் பதவி, கீழ்நிலை உள்ளூர் நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள். ஆனால் உட்காரவிடவில்லை! தேர்வானபோது குடியுரிமை பெற்று ஒரு வருடம் நிறையவில்லை, ஆகவே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயும் இடித்தது அதே டிசம்பர் 16 தான். கொஞ்ச நாள் குறைந்ததால் சின்னப் பதவி கைநழுவிப் போனது, ஆறு வருடம் கழித்து அதே மாதிரி கொஞ்ச நாள் குறைந்தும் பெரிய பதவி கிடைத்தது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எண்ணுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மனிதர் சோர்ந்து போகாமல் 1952-ல் அதே பதவிக்கு மறுபடி நின்று ஜெயித்தார், 1953 முதல் 1957 ஆரம்பம் வரை அங்கே நீதிபதி. அந்தத் தேர்தல் சமயத்தில் நடந்ததாக அவரே எழுதியிருக்கும் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் முன்னால் ஒரு உள்ளூர்க்காரர் கிண்டலாகக் கேட்கிறார், நீ ஜட்ஜ் ஆனால் உன் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகையை நீயே கொடுப்பாயா, நாங்கள் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வரணுமா என்று. சௌந்த் கோபப்படவில்லை. தலைக்கு மேலே யார் எதை வைத்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை, தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன் என்கிற பொருளில் ஒரு போடு போட்டார், கடையே சிரித்தது. இத்தனைக்கும் அவர் அப்போது தலைப்பாகை கட்டுவதை விட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

நான் கோச்சிங்குக்குப் போன நாட்களில் ‘இந்திய வம்சாவளியினர்’ என்ற தலைப்பில் இவர் ஒரு வரிக் குறிப்பாகத்தான் வருவார், பெயர், வருடம், அவ்வளவுதான்.

பூசா_ரோடு_உழவன் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். எங்கள் குடும்பம் மன்னார்குடிப் பக்கம், வேலை இங்கே விவசாய ஆராய்ச்சியில். அதனால் இந்த மாதிரிக் கதை என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் பேசுவேன்.

முதலில் சட்டம். கலிபோர்னியாவில் 1913-ல் ஒரு நிலச் சட்டம் வந்தது: குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டார் விவசாய நிலம் வாங்கக் கூடாது. 1920-ல் அதை இன்னும் இறுக்கினார்கள், குத்தகையும் கூடாது என்று. யாருக்குத் தகுதி இல்லை? அதை 1923-ல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் சொன்னது. (நம் பகத் சிங் இல்லை, இவர் வேறு, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்.) அன்றைய சட்டம் ‘வெள்ளையர்’களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் குடியுரிமை என்றது, இந்தியர் வெள்ளையர் இல்லை என்று தீர்ப்பு. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த சில இந்தியர்களிடமிருந்தும் அதற்குப் பிறகு பிடுங்கினார்கள். சௌந்த் டாக்டர் பட்டம் வாங்கியது 1924. தீர்ப்பு வந்து ஒரு வருடம். கணிதத்தில் டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு வாத்தியார் வேலைக்குக்கூட வழி தெரியாத நிலை.

ஆகவே 1925-ல் தெற்கே இம்பீரியல் வேலிக்கு இறங்கினார். முதல் வேலை பருத்தி எடுக்கிற கூலிக் கூட்டத்துக்கு மேஸ்திரி. அந்த இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற பாலைவனம், கோடையில் நம் ராஜஸ்தான் வெயில். மழையை நம்பி அங்கே ஒன்றும் செய்ய முடியாது, கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், மண் பொன்னாக விளைந்தது. கால்வாயை அடைத்தால் மறுபடி மணல்தான். பஞ்சாபிகளுக்குக் கால்வாய்ப் பாசனம் கைவந்த கலை, ஆகவே அங்கே போய்க் குவிந்தார்கள். ஊரிலிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரவும் சட்டம் விடவில்லை, நிறையப் பேர் மெக்ஸிகோ குடும்பத்துப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சௌந்த் 1928-ல் மணந்தது மரியன் கோசா, செக் நாட்டிலிருந்து குடியேறிய ஓவியரின் மகள். அந்தக் காலச் சட்டம் எவ்வளவு விஷம் பாருங்கள்: குடியுரிமை பெறத் தகுதியில்லாத ஆணை மணந்தால் அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையும் போய்விடும், 1931-ல்தான் அதைத் திருத்தினார்கள்.

விவசாயம் எப்படி நடந்தது என்றால், பெயர் ஒருவர் பாடு ஒருவர். வெள்ளைக்கார நண்பர், வங்கிக்காரர், அங்கேயே பிறந்ததால் குடியுரிமை உள்ள பிள்ளைகள், இப்படி யார் பெயரிலாவது பத்திரமோ குத்தகைச் சீட்டோ இருக்கும், உழுகிறவர் இவர். எழுத்தில் ஒன்று, நடப்பில் ஒன்று. நம் டெல்டாவில் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தபோது பினாமியைப் பார்த்த குடும்பங்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை, ஆனால் அங்கே திசை தலைகீழ், நிலம் உள்ளவர் மறைக்கவில்லை, உழைக்கிறவர் மறைய வேண்டியிருந்தது. சௌந்த் லெட்டூஸ் போட்டார், குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போட்டார், சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு போட்டார். முப்பதுகளில் விலை விழுந்து கடனில் மூழ்கினார், பிறகு மெல்ல மெல்ல எழுந்தார். லெட்டூஸ் மாதிரிப் பயிருக்கு விலை விழுந்தால் அறுக்கிற கூலிக்கே கட்டாது, வயலோடு உழுதுவிட வேண்டியதுதான். தக்காளியைச் சாலையில் கொட்டுகிற செய்தி நமக்குத் தெரியாததா.

சிரிப்பு என்னவென்றால், அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியதே பழங்களைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழிலைக் கற்று, ஊர் திரும்பி மாம்பழ டப்பா ஆலை வைக்கலாம் என்றுதான். படிக்கும்போது கோடை விடுமுறைகளில் டப்பா ஆலைகளில் கூலி வேலையும் பார்த்தார். ஆலையும் வரவில்லை, ஊரும் திரும்பவில்லை.

கரோல்_பாக்_காபி எழுதியது:

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். இவர் பஞ்சாபி, அவர்கள் கொண்டாடட்டும். நம் பிள்ளைக்கு நம் ஆள் கிடைக்கவில்லையா? இல்லினாய்ஸிலிருந்து 2016-ல் காங்கிரஸுக்கு ஜெயித்த ராஜா கிருஷ்ணமூர்த்தி பிறந்ததே இந்த டெல்லியில்தான், தமிழ்க் குடும்பம். பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். அவர்களை எழுதினால் டீச்சரும் சந்தோஷப்படுவார்.

தவிர, சௌந்த் அங்கே போய் இந்தியாவுக்கு என்ன செய்து கிழித்தார்? எம்பி ஆனார், இருந்தார், போனார். முதல் ஆள் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தூக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது.

மயூர்_விஹார்_மாமி எழுதியது:

காபி தம்பி, கோபம் வேண்டாம். ராஜா கிருஷ்ணமூர்த்தி நல்ல தேர்வுதான், யார் வேண்டாம் என்றார்கள். மூன்று மாதக் குழந்தையாக டெல்லியை விட்டுப் போனவர், நடுவில் குடும்பம் அரசு உணவு உதவியில் காலம் தள்ளியது என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார், 2012 ப்ரைமரியில் டேமி டக்வொர்த்திடம் தோற்று, நான்கு வருடம் கழித்து அதே தொகுதியில் ஜெயித்தார். அதுவும் ஒரு கதைதான். ஆனால் அவர் போனபோது கதவு திறந்திருந்தது. சௌந்த் கதவு செய்கிற இடத்திலிருந்தே வேலை பார்த்தவர்.

1942 வாக்கில் கலிபோர்னியா இந்தியர்களைச் சேர்த்துச் சங்கம் ஆரம்பித்துத் தலைவராக இருந்தார், வாஷிங்டனில் சட்டத்தை மாற்றச் சொல்லி ஆள் பிடிக்கக் காசு திரட்டினார்கள். நியூயார்க்கில் ஜே.ஜே. சிங் இன்னொரு பக்கம் ஓடினார். இரண்டு கட்சிக்காரர்களும், குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ், ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லர், கைகோத்ததில் 1946 ஜூலை 2-ல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். வருடத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம், இருப்பவர்கள் குடியுரிமை கேட்கலாம். நூறே நூறு! இன்றைக்கு ஹெச்-1பி விசா வரிசையில் நின்று புலம்புகிற என் மருமகனிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

இந்தியாவுக்கு என்ன செய்தார் என்று கேட்பதே எனக்கு இடிக்கிறது. அவரை அனுப்பியது ரிவர்சைடு, இம்பீரியல் என்ற இரண்டு கவுண்டி (நம் ஜில்லா மாதிரி) மக்கள், விவசாயிகள். அவர்களுக்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும். நம் வெளியுறவு அமைச்சகத்துக்கு இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: முதல் முறை எம்பியாகப் போனவருக்கு வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது, அதுவே பெரிய விஷயம். 1957 கடைசியில் ஆசியச் சுற்றுப்பயணம் வந்தார், இங்கே டெல்லிக்கும் வந்தார், பிறந்த கிராமத்துக்கும் போனார். அமெரிக்காவில் நிறம் பார்க்கிறார்களே என்று போகிற இடமெல்லாம் கேட்டார்கள். என்னையே அனுப்பியிருக்கிறார்கள் பாருங்கள் என்பது அவர் பதில். இங்கேதான் எனக்கு அவரிடம் கொஞ்சம் மனத்தாங்கல். முப்பது வருடம் சட்டத்திடம் உதை வாங்கியவர், வெளிநாட்டு மேடையில் அதை அவ்வளவு லேசாகத் தாண்டிப் போயிருக்க வேண்டாம். பனிப்போர்க் காலம், அரசாங்கத்துக்கும் அப்படி ஒரு முகம் தேவைப்பட்டது. ஆனால் வீட்டுக்குள் அவர் சும்மா இருக்கவில்லை, 1957 சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றவர். வெளிநாட்டு உதவியில் ஆயுதத்தைக் கொட்டுவதைவிடச் சாதாரண ஜனங்களுக்குப் பொருளாதார உதவி போக வேண்டும் என்று வாதாடியவர்.

பழைய_ராஜிந்தர்_நகர் எழுதியது:

மாமி சொன்ன தொகுதி விஷயத்தை நம் ஆட்கள் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே டிக்கெட் மேலிடத்திலிருந்து வராது. கட்சி வேட்பாளர் யார் என்பதையே ப்ரைமரியில் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சௌந்த் வருடக்கணக்கில் கவுண்டி கட்சிக் கமிட்டியில் உழைத்து, அதன் தலைவராகவும் இருந்தார். 1956-ல் குடும்பமே வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தது. எதிரில் காக்ரன் தன் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு பிரச்சாரத்துக்கு வந்தார், கணவர் கோடீஸ்வரர், அன்றைய ஜனாதிபதி ஐசனோவர் குடும்ப நண்பர். அப்படியிருந்தும் சின்ன வித்தியாசத்தில் சௌந்த் ஜெயித்தார்.

ஜெயித்தாலும் இரண்டே வருடம். நம் எம்பி ஐந்து வருடத்துக்கு நிம்மதி, அங்கே பதவியேற்ற மறுநாளே அடுத்த தேர்தல் கண்ணுக்குத் தெரியும். 1958, 1960 இரண்டிலும் ஜெயித்தார். கட்சித் தாவல் தடைச் சட்டம் மாதிரி எதுவும் கிடையாது, கட்சி சொன்னதற்கு எதிராக ஓட்டுப் போட்டால் பதவி போகாது, தொகுதிக்காரர்கள்தான் கேட்பார்கள்.

முனிர்கா_வாசி எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. பாப்பா இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, ‘1962-ல் ஏன் தோற்றார், அதையும் கேளுங்கள்’ என்கிறாள். நான் படித்த இடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பூசா_ரோடு_உழவன் எழுதியது:

உடம்பு. 1962 மே மாதம் விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் போய் வாஷிங்டனில் ஆஸ்பத்திரிப் படுக்கை. அந்த நிலையிலும் ஜூன் ப்ரைமரியில் கட்சிக்காரர்கள் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள், பிரச்சாரத்தை மனைவி மரியன் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் நவம்பரில் வேட்பாளர் முகத்தையே பார்க்காமல் எத்தனை பேர் ஓட்டுப் போடுவார்கள்? குடியரசுக் கட்சியின் பேட்ரிக் மார்ட்டினிடம் தோற்றார். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் இருந்தார், 1973 ஏப்ரல் 22-ல் காலமானார்.

இதையும் எழுதச் சொல்லுங்கள்: 1963 ஜனவரியில் அவர் நாற்காலி காலியான பிறகு அடுத்த இந்திய வம்சாவளிக்காரர் பிரதிநிதிகள் சபைக்குள் வந்தது 2005-ல், லூசியானாவிலிருந்து பாபி ஜிண்டால். நடுவில் நாற்பத்திரண்டு வருடம். கலிபோர்னியாவில் டெமெக்யூலா என்ற ஊர்த் தபால் நிலையத்துக்கு சௌந்த் பெயர் வைத்ததும் அதே 2005 தான். 2007-ல் காங்கிரஸ் கூடுகிற கேபிடல் கட்டடத்தில் அவர் ஓவியத்தைத் திறந்தார்கள்.

பட்டியாலா_ஹவுஸ்_வக்கீல் எழுதியது:

பாப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள் சார். அட்டவணை போடும்போது தேதிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் டீச்சர் இணையத்தில் எடுத்தது என்பார். 1949 டிசம்பர் 16-ஐ நடுவில் வைத்து, ஒரு பக்கம் 1950 தேர்தல், மறு பக்கம் 1957 ஜனவரி 3, இரண்டுக்கும் எந்த நாளை எண்ணினார்கள் என்று எழுதட்டும். வாய்மொழித் தேர்வில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

கரோல்_பாக்_காபி எழுதியது:

சரி, மாமியோடு வாதாட நான் தயாராக இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ராஜா கிருஷ்ணமூர்த்திக்கும் இரண்டு வரி போடச் சொல்லுங்கள், டெல்லியில் பிறந்தவர் என்று தடித்த எழுத்தில்.